ஏலம் போன தலைவர் பதவி: நான் வேட்புமனு போடலாமா?

கேள்வி:

ஐயா, நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். மகளிர் சுயஉதவிக் குழுவில் ஊக்குநராக இருக்கிறேன். கணவர் கொத்தனார். எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டதுமே ஊர்க்கூட்டம் போட்டார்கள். அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு யார் அதிகம் தருகிறார்களோ அவர்தான் தலைவர், வேறு யாரும் மனுப் போடக்கூடாது என்று முடிவாகிவிட்டது. 20 லட்சத்துக்கு ஒருவர் எடுத்திருக்கிறார். நிற்கப்போவது அவர் மனைவி. அவர் ஃபைனான்ஸ் நடத்துகிறார், ஜேசிபியும் இருக்கிறது. என் கணவருக்குப் பாதி வேலை அவர் மூலமாகத்தான் வருகிறது. மகளைக் கல்லூரியில் சேர்க்க அவரிடம் 60,000 ரூபாய் மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கிறோம். எழுதாத புரோநோட்டில் நானும் கணவரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

எனக்கு நிற்க ஆசை. குழுவில் உள்ள சிலரும் நில்லுங்கள் அக்கா என்கிறார்கள். வரும் பௌர்ணமியன்று கோயிலில் சூடம் ஏற்றி எல்லோரும் சத்தியம் செய்ய வேண்டுமாம். ஏலம் சட்டப்படி செல்லுமா? மீறி மனுப் போட்டால் ஊரை விட்டு ஒதுக்கிவிடுவார்களா? பணம் இல்லாமல் ஜெயிக்க முடியுமா? இன்னொன்றும் உறுத்துகிறது. 2019 தேர்தலில் நானும் ஓட்டுக்கு 500 ரூபாயும் ஓர் எவர்சில்வர் குடமும் வாங்கியவள்தான். நான் நியாயம் பேசலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அதுதான் இருப்பதிலேயே சுலபமான பகுதி. ஏலம் செல்லாது. செல்லாதது மட்டுமில்லை, அது குற்றம்.

"கோயிலுக்குத்தானே கொடுக்கிறார், யார் சட்டைப் பைக்கும் போகவில்லையே" என்று உங்கள் ஊரிலும் சொல்லியிருப்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் தேர்தல் குற்றங்கள் 169ஆம் பிரிவில் தொடங்குகின்றன. 2024 ஜூலை 1ஆம் தேதிக்கு முன்பு இதே விஷயம் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 171-ஏ முதலான பிரிவுகளில் இருந்தது. தேர்தல் உரிமை என்று சட்டம் சொல்வதில் ஓட்டுப் போடுவதும் போடாமலிருப்பதும் மட்டும் அடங்கவில்லை. வேட்பாளராக நிற்பது, நிற்காமலிருப்பது, போட்ட மனுவைத் திரும்பப் பெறுவது எல்லாமே அதில் சேரும். அந்த உரிமையை இன்ன விதமாகப் பயன்படுத்தவைக்க வேண்டும் என்ற நோக்கத்தில் யாருக்கு எதைக் கொடுத்தாலும் அது லஞ்சம். பணம் போய்ச் சேரும் இடம் கோயில் உண்டியலா, கமிட்டித் தலைவர் வீட்டு பீரோவா என்று சட்டம் பார்ப்பதில்லை. தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

சூடத்துக்கும் சட்டம் உண்டு என்றால் நம்புவீர்களா? வேட்பாளரையோ வாக்காளரையோ "தெய்வக் குற்றம் வந்து சேரும்" என்று நம்பவைத்து வளைக்கப் பார்ப்பது 171ஆம் பிரிவின்படி தகாத செல்வாக்கு. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயே இருந்த வாசகம் இது, அப்படியே புதுச் சட்டத்துக்கும் வந்திருக்கிறது. சூடம் அடித்து, மஞ்சள் தண்ணீரில் கை வைத்து வாங்கும் சத்தியத்துக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. மனசாட்சிக்கு உறுத்தும் என்றால் சத்தியம் செய்யாமல் இருந்துவிடுங்கள். செய்துவிட்டு மீறுவதைவிட அது உங்களுக்கும் நல்லது.

ஏலத் தொகைக்கு எழுதிக்கொண்ட பத்திரம் ஏதாவது இருந்தால் அதற்கும் மதிப்பில்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, சட்டவிரோதமான நோக்கத்துக்காகவோ பொதுநலக் கொள்கைக்கு எதிராகவோ செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது. நாளைக்கு ஊர்ப் பேச்சு மாறினால் அவர் அந்த 20 லட்சத்தைக் கேட்டு எந்தக் கோர்ட்டிலும் நிற்க முடியாது. இது அவருக்கும் தெரியும். அதனால்தான் சத்தியம் கேட்கிறார்கள். பத்திரம் செல்லாத இடத்தில் சாமியைச் சாட்சிக்கு இழுக்கிறார்கள்.

உங்கள் ஊர் மட்டும் இப்படியில்லை. 2019 டிசம்பரில் கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊரில் தலைவர் பதவி 50 லட்சத்துக்கும் துணைத் தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாகச் செய்தி வந்து, மாநிலத் தேர்தல் ஆணையம் எச்சரிக்கை விடவேண்டி வந்தது. அந்தத் தேர்தலில் 27 மாவட்டங்களில் 18,570 பேர் போட்டியே இல்லாமல் வந்தார்கள். அதில் 410 பேர் ஊராட்சித் தலைவர்கள். எல்லாமே ஏலம் என்று சொல்லமாட்டேன். வார்டு உறுப்பினர் பதவிக்கு ஆள் கிடைக்காத ஊர்கள் நிறைய உண்டு, மனமொத்து ஒருவரை நிறுத்திய ஊர்களும் உண்டு. ஆனால் வெளியிலிருந்து பார்க்கும்போது மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும். "ஏகமனதாகத் தேர்வு" என்று கெஜட்டில் வந்துவிட்டால் அதற்குப் பின்னால் என்ன நடந்தது என்று யாரும் தோண்டுவதில்லை.

சரி, குற்றம் என்று தெரிந்தும் ஒருவர் ஏன் 20 லட்சம் கொடுக்கிறார்? பக்தியில் கொடுத்தால் தலைவர் பதவி கேட்காமலே கொடுக்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஊராட்சித் தலைவருக்கு மதிப்பூதியம் மாதம் 2,000 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 1,20,000. அவர் தொழில் வட்டித் தொழில். 20 லட்சத்தை வெளியே இரண்டு வட்டிக்கு விட்டிருந்தால்கூட மாதம் 40,000, ஐந்து வருடத்தில் 24 லட்சம் வட்டி மட்டும் வந்திருக்கும். ஆக அவர் கணக்குப்படி இந்தப் பதவி அவருக்கு முதலும் வட்டியுமாக 44 லட்சத்துக்கு மேல் தரவேண்டும். தராது என்று தெரிந்தால் வட்டிக்கடைக்காரர் அதில் பணம் போடமாட்டார்.

அது எங்கிருந்து வரும் என்பது உங்களுக்கே தெரியும், நீங்கள் அந்த ஊரில் வாழ்கிறவர். நிதிக்குழு மானியத்தில் போடும் சிமென்ட் ரோடு, பைப் லைன், மோட்டார் காயில் கட்டிய செலவு, தெருவிளக்கு பல்பு, பிளீச்சிங் பவுடர். வீடு கட்டும் திட்டத்தில் யார் பெயர் முதலில் வரும் என்பது. புதிதாக மனை பிரிக்கிறவர் கேட்கும் அனுமதி. கண்மாய் மீன் குத்தகை, புளியமரக் குத்தகை, வண்டல் மண். தூய்மைக் காவலர் வேலை யாருக்கு, தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் வேலை யாருக்கு. ஜேசிபி வைத்திருப்பவர் தலைவரானால் ஊராட்சியில் எந்த வேலைக்கு யாருடைய ஜேசிபி வரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கோயில் கோபுரத்துக்கு அவர் அடிக்கும் பெயிண்ட், கொஞ்சம் தாமதமாக, உங்கள் தெரு ரோட்டின் கனத்திலிருந்துதான் கழியும்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. கணவருக்குப் பாதி வேலை அவர் மூலம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வேலை என்ன வேலை? சிறுபாலம், வடிகால், அங்கன்வாடிச் சுவர் என்றால் அது ஊராட்சிப் பணம், ஒன்றியப் பணம். வாக்காளர் பட்டியலில் இருக்கும் உங்கள் பெயருக்கும் சேர்த்து வரும் பணம். அது அவர் கையைத் தாண்டி வருவதால் அவர் கொடுக்கிற மாதிரித் தெரிகிறது. போன தேர்தலில் வாங்கிய 500 ரூபாயைவிட இதுதான் பெரிய விஷயம்.

ஓட்டுக்குப் பணம் என்றால் உடனே எல்லோரும் திருமங்கலம் ஃபார்முலா என்று 2009 இடைத்தேர்தலைச் சொல்வார்கள், 2017இல் ஆர்.கே. நகரில் தேர்தலே ரத்தானதைச் சொல்வார்கள். அங்கே ஆளும் பேரும் தெரியாத வாக்காளருக்குக் கவர் போகிறது. வாங்கியவர் போட்டாரா என்று கொடுத்தவருக்கு உறுதியில்லை. கிராமத்தில் கதை வேறு. ஒரு வார்டுக்குச் சில நூறு ஓட்டு. கொடுப்பவருக்கு உங்களையும் தெரியும், உங்கள் மாமியாரையும் தெரியும். பிரசவ வலி வந்த ராத்திரி ஊரில் கார் வைத்திருந்தவர் அவர். சாவு வீட்டில் பந்தலுக்கும் சேருக்கும் முதலில் காசு கொடுத்தவர் அவர். பெண்ணுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்கியபோது கேள்வி கேட்காமல் எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஓட்டுக்கு முந்தைய ராத்திரி வரும் 500 ரூபாய் அந்த ஐந்து வருட உறவுக்கு அடிக்கும் முத்திரை, அவ்வளவுதான். கொடுக்காத வேட்பாளரைப் பார்த்து "இவனிடம் இதுக்கே காசில்லை, நாளைக்கு நமக்கு என்ன செய்வான்" என்று ஜனங்கள் பேசுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. படித்தவர்கள் அதைப் பேராசை என்று திட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை.

எப்போது இந்தப் பிடி தளர்ந்தது என்றும் பாருங்கள். 2008இல் 108 ஆம்புலன்ஸ் வந்த பிறகு நடுராத்திரி கார் வைத்திருப்பவரின் மவுசு கொஞ்சம் குறைந்தது. ரேஷன் அரிசி யார் தயவுமின்றி கார்டுக்கு வருகிறது. பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை. 2023 செப்டம்பரிலிருந்து உரிமைத்தொகை 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்கில் விழுகிறது. இவற்றுக்காக யாரும் யார் வீட்டுத் திண்ணையிலும் காத்திருக்க வேண்டியதில்லை. மீதியிருப்பது தண்ணீர், தெருவிளக்கு, வேலை அட்டை, வீட்டுப் பட்டியல், உள்ளூர்க் கான்ட்ராக்ட் வேலை. எது இன்னமும் ஒரு மனிதரின் கையைத் தாண்டித்தான் வரவேண்டியிருக்கிறதோ அதற்குத்தான் உங்கள் ஊரில் 20 லட்சம் விலை போட்டிருக்கிறார்கள்.

இப்போது அந்த ஊர்க்கூட்டம். அதில் யார் யார் உட்கார்ந்தார்கள்? நீங்கள் எழுதவில்லை. பொதுவாகத் தலைக்கட்டு வரி கொடுக்கும் வீட்டு ஆண்கள். காலனியில் தலைக்கட்டே வாங்கமாட்டார்கள். விதவை தனியாக இருக்கும் வீடு அரைத் தலைக்கட்டு, அல்லது அதுவும் இல்லை. பெண்களுக்கு ஒதுக்கிய நாற்காலியைப் பெண்களே இல்லாத கூட்டத்தில் ஏலம் விட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். கோயில் விஷயத்துக்கு அந்தக் கூட்டம் கூடட்டும், அது அவர்கள் வழக்கம். ஊராட்சிக்குச் சட்டம் வைத்திருக்கும் கூட்டம் வேறு. அது கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள அத்தனை பேரும் அதன் உறுப்பினர்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூட வேண்டும். அங்கே உங்களுக்கும் ஜேசிபிக்காரருக்கும் ஒரே தலைதான்.

நம் பழைய பெருமையிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. உள்ளாட்சி என்றதும் மேடையில் உத்திரமேரூர்க் குடவோலையைச் சொல்லாமல் யாரும் இறங்கமாட்டார்கள். முதலாம் பராந்தகன் காலத்து அந்தக் கல்வெட்டில், குடத்தில் பெயர் எழுதிப் போடப்படவேண்டுமானால் வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்கவேண்டும், சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும் என்று இருக்கிறது. வேதம் கற்றவர் என்றால் அரைக்கால் வேலி போதும். உங்கள் கணவர் பெயரையே குடத்தில் போட்டிருக்கமாட்டார்கள், உங்கள் பெயரை எங்கே போடுவது. ஆனால் அதே கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு: பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் மறுபடி நிற்கக்கூடாது. அந்த விதியை மட்டும் மேடையில் யாரும் எடுத்துச் சொல்லக் காணோம்.

இனி நீங்கள் என்ன செய்யலாம்.

மனுப் போடுவதற்கு முன்னால் அந்த 60,000 ரூபாயை வேறிடத்துக்கு மாற்றுங்கள். மூன்று வட்டி என்றால் மாதம் 1,800, வருடத்துக்கு 36 சதவீதம். குழுவுக்கு வங்கி இணைப்புக் கடன் வரும்போது உங்கள் பங்கை இதற்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டில் நகை இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் வைப்பது இதைவிட எவ்வளவோ மலிவு. அடைக்கும்போது பணத்தைக் கையில் கொடுக்காமல் வங்கி வழியாகவோ ஜிபேயிலோ அனுப்புங்கள், பதிவு நிற்கும். புரோநோட்டைக் கையில் வாங்குங்கள். "கிழித்துப் போட்டாச்சும்மா" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்கவேண்டாம். எழுதாத நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், அதில் ஆறு லட்சம் என்று நிரப்பி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் அது உண்மையில்லை என்று நிரூபிக்கும் வேலை உங்கள் தலையில் விழும். நோட்டைத் தர மறுத்தாலோ மிரட்டினாலோ 2003ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அவருக்கு வட்டித் தொழில் லைசென்ஸ் இருக்கிறதா என்பதையும் அப்போது கேட்கவேண்டிவரும். ஆனால் அது இரண்டாவது வழி. முதலில் சுமுகமாக அடைத்துவிட்டு வெளியே வரப் பாருங்கள்.

கணவரோடு பேசுங்கள். நீங்கள் மனுப் போட்ட மறுநாளே அவருக்கு வேலை நிற்கும் என்று வைத்துக்கொண்டுதான் பேசவேண்டும். டவுனில் வேறு மேஸ்திரியிடம் சில மாதம் போய்வர முடியுமா என்று அவர்தான் சொல்லவேண்டும். அவருக்கு மனமில்லாமல் நீங்கள் நின்றால் முதல் அழுத்தம் வீட்டுக்குள்ளிருந்தே வரும், கடைசி நாளில் மனுவைத் திரும்பப் பெறவைப்பார்கள். அது நிற்காமல் இருப்பதைவிட மோசம்.

எந்தப் பதவிக்கு நிற்பது என்பதில் என் யோசனை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். தலைவருக்கு வேண்டாம், இந்த முறை வார்டு உறுப்பினருக்கு நில்லுங்கள். தனியாக நிற்காமல், குழுவிலிருந்து ஆளுக்கொரு வார்டில் மூன்று நான்கு பேராக நில்லுங்கள். காரணம் சொல்கிறேன். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவர் ஒருவர் ஒப்புதல் போதாது, துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திடவேண்டும். அந்தத் துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறார்கள். கடலூரில் துணைத் தலைவர் பதவிக்குத் தனி ஏலம் ஏன் என்று இப்போது புரியும். 20 லட்சம் போட்டவர் தலைவர் நாற்காலியை மனைவிக்கு வாங்கிவிடலாம், மன்றத்தில் பாதிப் பேர் கேள்வி கேட்பவர்களாக இருந்தால் அந்த நாற்காலியின் வருமானம் பாதியாகிவிடும். தீர்மான நோட்டில் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்ல இரண்டு பேர் இருந்தாலே நிறைய மாறும்.

பணக் கணக்கிலும் வார்டு உங்களுக்கு எட்டும். 2019இல் வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், தலைவருக்கு 600, பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. செலவு உச்சவரம்பு வார்டுக்கு 9,000, தலைவருக்கு 34,000. அடுத்த அறிவிப்பில் தொகை மாறலாம், பார்த்துக்கொள்ளுங்கள். 34,000 வரம்புள்ள பதவிக்கு 20 லட்சம் ஏலம் போகிறது என்பதே ஒரு தனி வேடிக்கை. வார்டில் சில நூறு ஓட்டு, அத்தனை வீட்டுக்கும் நீங்கள் குழு வசூலுக்குப் போய்வந்திருப்பீர்கள். அங்கே பணத்துக்கு எதிராக நிற்கும் ஒரே சரக்கு அறிமுகம்தான், அது உங்களிடம் இருக்கிறது. தலைவர் தேர்தலில் ஜெயிக்கவே முடியாது என்று சொல்லமாட்டேன், ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வட்டிக் கடனும் வேலைக் கவலையும் உள்ள குடும்பம் முதல் முறையே அந்தப் பளுவைத் தூக்கவேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதற்கும் மீறித் தலைவருக்குத்தான் நிற்பேன் என்றால் தாராளமாக நில்லுங்கள், உங்களைத் தடுக்கச் சட்டப்படி யாருக்கும் உரிமையில்லை. ஒரே ஒரு மனு கூடுதலாக விழுந்தாலும் ஏலம் உடைந்துவிடும், கோயிலுக்குக் கொடுத்தது போக ஓட்டுக்கும் அவர் தனியாகக் கொடுக்கவேண்டிவரும். கோபம் எந்த அளவுக்கு இருக்கும் என்பதையும் அதை வைத்தே ஊகித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பதவியானாலும், மனுப் போடுமுன் வீட்டு வரி, தண்ணீர்க் கட்டண பாக்கியைக் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பரிசீலனை அன்று எதிராளி முதலில் கிளப்புவது பாக்கியைத்தான். முன்மொழிபவரை நன்றாக யோசித்துப் பிடியுங்கள், மிரட்டலுக்கு ஒதுங்கிப் போகாதவராக இருக்கவேண்டும். தேர்தல் முடிந்ததும் தோற்றாலும் ஜெயித்தாலும் செலவுக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள், கொடுக்காதவர்களை அடுத்து நிற்கவிடாமல் தகுதிநீக்கம் செய்துவிடுவார்கள்.

ஊர்விலக்கு பற்றிக் கேட்டீர்கள். மகாராஷ்டிரத்தில் 2016இல் சமூகப் புறக்கணிப்புக்கு என்றே தனிச் சட்டம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அப்படியொன்று இல்லை. உங்கள் சாதியை நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை, ஆனால் சட்டப் பாதுகாப்பு அதைப் பொறுத்து மாறுகிறது. பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ என்றால், மனுப் போடவிடாமல் தடுப்பதும், போட்டதைத் திரும்பப் பெறச் சொல்லி மிரட்டுவதும், ஒதுக்கி வைப்பேன் என்று சொல்வதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் நேரடியாகவே குற்றங்கள். மற்றவர்களுக்குக் குற்றமுறு மிரட்டல், தகாத செல்வாக்கு ஆகிய பொதுவான பிரிவுகள்தான். தண்ணீர் இணைப்பைத் துண்டித்தாலோ கடையில் சாமான் தராதே என்று சொன்னாலோ தேதி, நேரம், சொன்னவர், கேட்டவர் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவுக்கு ரசீது வாங்குங்கள், அதன் நகலைப் பதிவுத் தபாலில் ஆட்சியருக்கும் அனுப்புங்கள். அவர்தான் மாவட்டத் தேர்தல் அதிகாரியும்.

பயப்படாதீர்கள் என்று வெறுமனே சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. மதுரை மாவட்டத்தில் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்ற ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டது, தனித்தொகுதியாக ஒதுக்கிய நாற்காலியில் அவர் உட்கார்ந்ததற்காக. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996இலிருந்து பத்து வருடம் முறையாகத் தலைவர் வரவிடவில்லை. மனுப் போடவே ஆள் இருக்காது, இல்லையென்றால் ஜெயித்த கையோடு ராஜினாமா. அங்கே மனுப் போடத் தயங்கியவர்கள் பலர் ஆதிக்கச் சாதியாரின் வயலை நம்பிக் கூலிக்குப் போனவர்கள். அரசும் மாவட்ட நிர்வாகமும் முனைந்து நின்ற பிறகு 2006 அக்டோபரில்தான் அங்கே தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். உங்கள் ஊர் அந்த அளவுக்குப் போகும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் கூட்டாக நில்லுங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நாலு வீட்டை ஒரே நேரத்தில் ஒதுக்கி வைப்பது ஒரு வீட்டை ஒதுக்குவது போலச் சுலபமில்லை.

அந்த 500 ரூபாய் விஷயம். சட்டத்தில் கொடுத்தவரும் குற்றவாளி, வாங்கியவரும் குற்றவாளி, இதை மறைக்கமாட்டேன். ஆனால் ஓராண்டு வரை மட்டுமே தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டுக்குள் புகார் பதிவாகியிருக்கவேண்டும். 2019இல் நடந்ததற்கு இனி உங்கள்மேல் வழக்கு வராது. நியாயம் பேசத் தகுதி உண்டா என்று கேட்டால், ஊரில் வாங்காதவர் எத்தனை பேர்? குடம் வாங்கியவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்ளவேண்டும் என்றால் குடம் கொடுத்தவருக்கு அதைவிட லாபம் வேறில்லை. இந்த முறை வாங்காதீர்கள், நீங்களும் கொடுக்காதீர்கள்.

ஒரு வார்த்தை அந்த அம்மாவைப் பற்றியும் சொல்லவேண்டும், நிற்கப்போகும் மனைவியைப் பற்றி. கையெழுத்துப் போடுவது அவராக இருக்கும், ஓடி ஓடி வசூலிப்பது கணவராக இருக்கும். தணிக்கையில் ஓட்டை விழுந்து பணத்தைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அது அவர் பெயருக்குத்தான் வரும். பதவி நீக்க நடவடிக்கையும் ஊராட்சிகள் சட்டம் 205ஆம் பிரிவின்படி தலைவர் மேல்தான், தலைவரின் கணவர் மேல் இல்லை. யாராவது அவரிடம் இதைச் சொன்னார்களா? நீங்கள் சொன்னால் எதிரி சொல்வதாகத் தெரியும். ஆனாலும் குழுக் கூட்டத்துக்கு அவரும் வருகிறவர் என்றால் பொதுவாகவே இந்த விவரத்தைப் பேசலாம்.

பௌர்ணமிக் கூட்டத்துக்குக் கணவர் போகட்டும். போகாமல் இருந்தால் சந்தேகம் வரும். சாமி கும்பிடலாம், திருநீறு வாங்கிக்கொள்ளலாம், கும்பாபிஷேகத்துக்கு உங்களால் முடிந்த காசும் கொடுக்கலாம். எந்தக் காகிதத்திலும் கையெழுத்து மட்டும் வேண்டாம். கூட்டத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வரும் ஆடியோ, தகவல் எதையும் அழிக்காதீர்கள், வெட்டி ஒட்டவும் செய்யாதீர்கள். வந்த போனிலேயே அப்படியே இருக்கட்டும். பின்னால் சாட்சியமாக வைக்கவேண்டி வந்தால் அதற்கென்று சான்றிதழ் இணைக்கவேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவது என்று யோசிக்காதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை உண்டு. உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும், தொலைபேசியில் 15100. முதலில் புரோநோட்டு விஷயத்துக்காகப் போங்கள். தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவேண்டாம்.